ஆனைமுடி மேகத்தில் ஒரு சிறு ஜீவன்

சென்ற தசரா விடுமுறையில் குடும்பமாக மூணாறு சென்று வந்தோம். மூணாறு என்றவுடன் படகுச் சவாரியும் சாக்லேட் கடைகளும் உங்கள் நினைவுக்கு வரலாம். எங்களை அங்கே இழுத்துச் சென்றது ஒரு தவளை.

பெங்களூரில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் யாத்திராகமம் எட்டாம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். பார்வோனின் படுக்கையிலும் அடுப்பிலும் மாப்பிசைகிற தொட்டியிலும் தவளைகள் ஏறிவந்த வரலாற்றைக் கேட்டுவந்த என் பத்து வயது மகள், வீட்டிற்கு வந்ததும் ஒரு கேள்வி கேட்டாள். தவளைகளெல்லாம் செத்துக் குவியலானபின் எகிப்தில் தவளையே இல்லாமல் போயிற்றா என்பது அவள் சந்தேகம். வேதத்தைத் திறந்து பார்த்தோம். நதியிலே மாத்திரம் அவை மீந்திருக்கும் என்று மோசே சொல்லியிருக்கிறார். அத்தனை முறை வாசித்தும் அந்தச் சொல்லை நான் கவனித்ததில்லை. வாதையாக வந்த ஜீவனுக்கும் தேவன் ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தார் என்பதில் பிள்ளைக்கு மிகுந்த சந்தோஷம். சில நாள் கழித்துப் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அதில் பழுத்த ஆரஞ்சுப் பழத்தின் நிறத்தில் ஒரு தவளையின் படம். கீழே ஆனைமுடி என்று எழுதியிருந்தது. "அப்பா, இது அத்தைப்பாட்டி ஊர்தானே?" என்றாள்.

ஆம், அத்தைப்பாட்டியின் ஊர்தான். என் தகப்பனாரின் தங்கை நாற்பது ஆண்டுகளாக அந்த மலையடிவாரத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர். ஆனைமுடியை அன்றாடம் பார்த்துக்கொண்டே வேலை செய்தவர். அவரைப் பார்த்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தவளை ஒரு சாக்காயிற்று.

இரவுப் பேருந்தில் புறப்பட்டு விடியுமுன் உடுமலைப்பேட்டையில் இறங்கினோம். அங்கிருந்து மூணாறு செல்லும் சாலை ஆனைமலைக் காட்டினூடே போகிறது. யானைகள் நடமாடுவதால் இரவில் வண்டிகளை விடுவதில்லை. ஒன்பதாறு சோதனைச்சாவடியைக் கடந்து சின்னாறு போய்ச் சேரும்வரை இருபுறமும் முள்ளும் கள்ளியும் நிறைந்த வறண்ட காடு. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கொட்டித் தீர்ந்துவிடுவதால் இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசமாகிவிட்டது. நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் இந்தக் காட்டில் வாழ்கின்றன. மறையூரில் சந்தன மரங்களைக் கம்பி வேலி கட்டிக் காத்து வைத்திருக்கிறார்கள். வெல்லம் காய்ச்சும் மணம் பேருந்துக்குள் வந்தது. அதற்குப்பின் ஏற்றம். லக்கம் அருவியைத் தாண்டியபோது கண்ணாடியில் ஈரம் படிந்தது. மழை பெய்யவில்லை, மேகத்திற்குள் பேருந்து நுழைந்திருந்தது. சின்னாற்றில் வியர்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஸ்வெட்டரைத் தேடினோம்.

மூணாறு ஊருக்குள் போகுமுன்னரே ஐந்தாம் மைல் வருகிறது. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குச் சீட்டு வாங்குமிடம் இதுவே. சொந்த வண்டிகளை உள்ளே விடாமல், வனத்துறைப் பேருந்தில் ராஜமலைவரை அழைத்துச் செல்கிறார்கள். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலையில் நடக்கலாம். அதற்கு மேல் அனுமதியில்லை. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்காவில் நம்மைப் போன்றவர்கள் காண்பது ஓர் ஓரத்தை மாத்திரமே. பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில் அந்த ஓரத்தையும் மூடிவிடுகிறார்கள்.

வரையாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பூங்கா அவற்றின் பெயராலேயே புகழ்பெற்றது. எண்ணூறுக்கும் மேற்பட்டவை இங்கே இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நமது தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்த பெரியோர், சங்கீதம் 104-இலும் யோபு 39-இலும் பலஸ்தீன நாட்டு மலையாட்டைக் குறிக்க இந்தச் சொல்லையே எடுத்து வைத்திருக்கிறார்கள். சிறுவயதிலிருந்து வாயால் வாசித்த சொல் ஒன்று, நான்கு கால்களோடு சாலையோரத்தில் நின்று எங்களை ஏறிட்டுப் பார்த்தபோது, என் மனைவி தன்னையறியாமல் "அல்லேலூயா" என்றாள். பின்னால் வந்த வடநாட்டுக் குடும்பத்தினர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் என் மகளுக்கு ஆடு முக்கியமல்ல. பாதையின் முடிவில் நின்ற வனக்காவலரிடம் நேராகச் சென்று, "ஆரஞ்சுத் தவளை எங்கே அங்கிள்?" என்றாள். அவர் முதுவான் பழங்குடியைச் சேர்ந்தவர். எங்களோடு தமிழிலேயே பேசினார். கேள்வியைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு கையை உயர்த்தி மேகத்தைக் காட்டினார். "அதுக்குள்ளதான் ஆனைமுடி இருக்கு, பாப்பா. தவளை அது உச்சியில. நீ இங்கயிருந்து பாக்க முடியாது. நானே ஆராய்ச்சிக்காரங்களோட போனப்ப பாத்ததுதான்" என்றார்.

2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரம். யானையின் மத்தகம் போன்ற அதன் பாறையை அன்று நாங்கள் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. மேகம் விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. உச்சியின் பெரும்பகுதி புல்வெளி. பள்ளமான இடங்களில் குட்டை மரங்களும், ஆளுயரம்கூட வளராத மலைமூங்கில் புதர்களும் அடர்ந்திருக்கின்றன. அந்த மூங்கில் தூர்களின் அடியில்தான் அந்தச் சிறு ஜீவன் குடியிருக்கிறது.

2010-ஆம் ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். டி. பிஜுவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இதை உலகிற்கு அறிமுகப்படுத்தினார்கள். ராஒர்கெஸ்டஸ் ரெஸ்ப்ளெண்டன்ஸ் என்று பெயரிட்டார்கள். பின்பாதி லத்தீன் சொல், பிரகாசிக்கிறது என்று பொருள். முன்பாதிக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். சி. ஆர். நாராயண ராவ் என்பவர் எங்கள் பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர், தென்னிந்தியத் தவளைகளைப் பற்றி முற்காலத்திலேயே எழுதியவர். 1932-இல் பெங்களூரில் தொடங்கிய கரண்ட் சயன்ஸ் என்ற அறிவியல் இதழின் முதல் ஆசிரியரும் அவரே. அவர் பெயரைச் சூட்டிய தவளையைப் பற்றிய அறிக்கை அதே இதழில் வெளிவந்தது. சென்ட்ரல் கல்லூரி வழியாகப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அந்தக் கட்டிடத்திற்கும் என் அத்தையின் மலைக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை இப்போதுதான் அறிந்தேன்.

தவளையின் நீளம் ஏறக்குறைய ஓர் அங்குலம். நம் பெருவிரலின் மேல்கணுவில் உட்கார்ந்துவிடும். நிறம் செம்மை கலந்த ஆரஞ்சு. உடலில் புடைப்புப் புடைப்பாகச் சுரப்பிகள் இருக்கின்றன. இதன் உறவுக்காரத் தவளைகள் செடிகொடிகளில் ஏறி வாழ்பவை. இதுவோ தரையில் வாழ்கிறது. கால்கள் மிகக் குட்டையானவை. தாவிக் குதிப்பதைவிட ஊர்ந்து போவதே இதற்கு வசதி. ஆகவே ஓர் இடத்தைவிட்டு வெகுதூரம் போகவும் முடியாது.

இதன் பிறப்புதான் எனக்கு மிகுந்த ஆச்சரியமாயிருந்தது. தவளை என்றால் குளத்தில் முட்டையிடும், தலைப்பிரட்டை பிறக்கும், வால் மறைந்து கால் முளைக்கும் என்று நாமெல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். இந்தத் தவளைக்குக் குளமும் இல்லை, தலைப்பிரட்டையும் இல்லை. மூங்கில் தூரின் அடியில் ஈர மண்ணில் முட்டையிடுகிறது. வால் தோன்றி மறைவதும் கால் முளைப்பதும் முட்டைக்குள்ளேயே நிகழ்ந்து முடிகின்றன. சில வாரங்களில் முட்டையைவிட்டு வெளியே வருவது முழு உருவமுள்ள ஒரு குட்டித் தவளை. நீர்நிலை இல்லாத சிகரத்தில் வாழ்வதற்குத் தேவன் வகுத்த வழி இது என்று நான் விசுவாசிக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த மண்ணும் காற்றும் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். முட்டைக்கு ஓடு கிடையாது. தவளைக்கும் நம்மைப்போல் நீர் காக்கும் தோல் கிடையாது. அது தோலின் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது, சுவாசத்தில் ஒரு பங்கையும் தோலின் வழியாகவே விடுகிறது. மேகம் அந்த மலையைவிட்டு நீங்கினால் அதற்கு வாழ்வில்லை.

இந்த உயரத்துக் காட்டைச் சோலை என்கிறார்கள். நம் தமிழ்ச் சொல்லை அறிவியலாரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். காற்றில் வளைந்த குட்டை மரங்கள், கிளையெல்லாம் பாசி, பாசிமேல் பெரணி. மழையில்லாத நாளிலும் மேகம் இலைகளில் பட்டுத் துளியாகித் தரையில் சொட்டுகிறது. அந்தக் கறுத்த மண்ணும் புல்வெளியும் பஞ்சுபோல நீரைப் பிடித்துவைத்துக் கோடையிலும் சிறுகச் சிறுக விடுகின்றன. இரவிகுளத்தில் பிறக்கும் நீர் மேற்கே பெரியாற்றிலும், கிழக்கே பாம்பாறு வழியாக அமராவதியிலும் சேர்கிறது. அமராவதியோ காவேரியின் பிள்ளை. உடுமலையிலும் தாராபுரத்திலும் கரூரிலும் உறவினர் உள்ள வாசகர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அவர்கள் வயலுக்கு வருகிற தண்ணீரில் ஒரு பங்கு இந்தத் தவளையின் காலடியிலிருந்து புறப்படுகிறது.

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இத்தவளையை மிகக் கடும் அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. இயற்கை வாழிடத்தில் அழிந்துபோவதற்கு ஒரு படிக்கு முன்னுள்ள நிலை அது. 2010-இல் கண்டறிந்தபோது இதன் இருப்பிடம் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு என்று மதிப்பிட்டார்கள். இரவிகுளத்திற்கு வெளியே உலகில் வேறெங்கும் இது இருப்பதாகப் பதிவில்லை. மற்ற இடங்களில் வெப்பம் கூடினால் உயிர்கள் மெல்ல மெல்ல மேல்நோக்கிப் போய்க் குளிர்ச்சியைத் தேடுகின்றன. உச்சியிலேயே இருப்பது எங்கே ஏறும்? நடு அமெரிக்காவில் கோஸ்டா ரிகா நாட்டின் மொண்டிவெர்டே மேகக்காட்டில் பொன்னிறத் தேரை ஒன்று இருந்தது. அதுவும் ஒரே ஒரு மலைமுகட்டில் மாத்திரம் வாழ்ந்தது. 1987-இல் நூற்றுக்கணக்கில் கண்டார்கள். 1989-இல் ஒரே ஒரு தேரையைக் கண்டார்கள். அதன்பின் எவரும் கண்டதில்லை. 2004-இல் அது அழிந்துபோன இனமென்று அறிவிக்கப்பட்டது. வறட்சியும், தவளைகளின் தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சை நோயும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அந்தப் பூஞ்சை நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. தேவகிருபையால் இங்கே அது பெருஞ்சாவை உண்டாக்கியதாகச் செய்தியில்லை.

வனக்காவலரிடம் நான் விடைபெறும்போது, "மேல போக ஆசைப்படாதீங்க சார்" என்றார் அவர். "ஒரு ஆள் தெரியாம மூங்கில் தூர்ல கால வச்சா ஒரு குடும்பமே போயிரும்." எனக்கு உள்ளூர ஆசை இருந்தது உண்மைதான். அவர் அதை முகத்தில் படித்துவிட்டார்.

மாலையில் அத்தையின் லயத்திற்குப் போய்ச் சேர்ந்தோம். வரிசையாகக் கட்டிய வீடுகள், ஒரு வீட்டுக்கு முன்னறையும் சமையலறையும்தான், மேலே தகரக்கூரை. அத்தை ஓய்வு பெற்றுவிட்டார். மருமகள் இன்னும் கொழுந்து பறிக்கப் போவதால் அந்த வீடு அவர்களிடம் இருக்கிறது. வேலைக்குப் போக ஆளில்லாத நாளில் வீட்டைக் காலி செய்துவிடவேண்டும். நான்கு தலைமுறையாக அந்த மலையில் உழைத்த குடும்பம் அது. போடி மலைப்பாதையில் தலைச்சுமையோடு ஏறி வந்த பாட்டனாரின் கதையை அத்தை இன்றும் சொல்லுவார். சொந்தமென்று சொல்ல ஒரு சென்ட் நிலம் கிடையாது.

கறுப்புத் தேநீரும் மரவள்ளிக்கிழங்கும் வைத்துக்கொண்டு என் மகள் தவளைக் கதையை அத்தைப்பாட்டிக்கு விவரமாகச் சொன்னாள். அத்தை பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அந்தத் தவளைக்கு இருக்கிறதுக்கு ஒரு மலையே இருக்கு. அதுக்குக் காவல் போட்டிருக்காங்க. எங்களுக்கு இல்லையே?"

நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் அந்தக் கேள்விக்கு என்னிடத்தில் முழுப் பதில் இல்லை. தவளையின் நிலத்தைப் பிடுங்கி அத்தைக்குக் கொடுத்தால் நீதியாகாது என்று எனக்குத் தெரியும். அந்த மலையும் ஆதியில் தவளைக்காகக் காக்கப்பட்டதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் வேட்டையாடுவதற்காகத் தேயிலை நடாமல் விட்டுவைத்த புல்வெளி அது. 1971-இல் கேரள அரசு சட்டம் இயற்றித் தோட்ட நிலங்களில் ஒரு பகுதியை மீட்டது. 1975-இல் இரவிகுளம் சரணாலயமாயிற்று, 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. துரைமாரின் துப்பாக்கி ஆசையால் தவளை பிழைத்தது. தொழிலாளிக்காக அப்படி எவரும் எதையும் தற்செயலாகக்கூட விட்டுவைக்கவில்லை. அத்தையின் வார்த்தையில் பொறாமை இல்லை, கணக்குத்தான் இருந்தது. அந்தக் கணக்கை வாசகர்கள் முன் வைக்காமல் தவளையை மாத்திரம் வியந்து எழுதினால் அது உத்தமமாகாது என்று தோன்றியது.

இரவு எட்டு மணிக்கு மழை பிடித்தது. வெளியே தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து சிறுதவளைகளின் சத்தம், சிறு கற்களைத் தட்டுவதுபோலக் கேட்டது. இவை ஆரஞ்சுத் தவளையின் ஒன்றுவிட்ட உறவுகள். மேற்குத்தொடர்ச்சி மலையில் இந்தக் குலத்தில் பல இனங்கள் இருக்கின்றன. மகள் வாசற்படியில் உட்கார்ந்து எண்ண முயன்றாள். அத்தையும் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

"தவளை சத்தம் கேக்கிற வரைக்கும் பயமில்ல" என்றார். "மழை ரொம்பப் பலமானா தகரத்துச் சத்தத்துல அது கேக்காது. அது கேக்கலைன்னா நான் படுக்கமாட்டேன். பெட்டிமுடிக்கு அப்புறம் அப்படித்தான்."

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. ராஜமலைக்கு அப்பால், பூங்காவை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது பெட்டிமுடி. அன்று ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. இரவு பத்தரை மணிக்கு மேல் மலைச்சரிவு பெயர்ந்து இறங்கி, உறங்கிக்கொண்டிருந்தவர்களோடு லயங்களை மூடிவிட்டது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வெளியுலகிற்குச் செய்தி எட்டியபோது விடிந்துவிட்டது. எழுபது பேர் மாண்டார்கள். நால்வரின் சரீரம் கிடைக்கவேயில்லை. அநேகர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட நம் தமிழ் ஜனங்கள். அத்தையோடு ஒரே மலைச்சரிவில் கொழுந்து பறித்த பெண்களும் அவர்களில் இருந்தார்கள். உயிர்தப்பிய எட்டுக் குடும்பங்களுக்குப் பின்னர் குட்டியார் பள்ளத்தாக்கில் வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

மேகமும் மழையும் இல்லாவிட்டால் மலையுச்சியில் அந்தத் தவளை இல்லை. அந்த மேகமும் மழையும் அளவு கடந்து வந்த இரவில் அடிவாரத்தில் எழுபது பேர் இல்லை. முன்பெல்லாம் ஆடி மழை பல நாள் நின்று பெய்யும், இப்போது இல்லாவிட்டால் இல்லை, பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது என்று அத்தை சொன்னார். பருவநிலை ஆராய்ச்சியாளர்களும் மேற்குக் கரையில் மிகக் கனத்த மழைநாட்கள் கூடிவருவதையே சொல்லுகிறார்கள். வறண்ட இடைவெளி நீளுமானால் தவளை முட்டைக்கு ஆபத்து. கொட்டித் தீர்க்குமானால் லயத்திற்கு ஆபத்து. இரண்டையும் ஒரே வானம்தான் செய்கிறது.

அன்றிரவு மழை பலக்கவில்லை. தவளைகள் ஓயவில்லை. அத்தை பத்து மணிக்குப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. தோட்டத்துச் சபையில் ஆராதனைக்குப் போனோம். அறுபது பேர் இருக்கலாம். பெண்களின் விரல்நுனிகளில் தேயிலைக் கறை. அந்நியபாஷையில் ஜெபம் எழும்பியபோது வெளியே நின்ற மேகம் சன்னல் வழியாகச் சபைக்குள்ளேயே வந்துவிட்டது என்றால் நம்பமாட்டீர்கள். நான் கண்ணாரக் கண்டேன். எனக்கு முன்வரிசையில் இருந்தவர்களின் வெள்ளைச் சேலைகள் பாதி மறைந்துபோயின.

ஆராதனை முடிந்ததும் ஒரு மூத்த சகோதரர் வந்து விசாரித்தார். "பிரதர், ஒரு தவளைக்காகவா இவ்வளவு தூரம்? வெளிப்படுத்தின விசேஷத்தில் அசுத்த ஆவிகளே தவளைகளைப்போலத்தானே புறப்படுகின்றன? இந்தப் பூமியும் அதின் கிரியைகளும் எரிந்துபோகப்போகிறதே?" வசனத்தை அறிந்தவர், அன்போடுதான் கேட்டார். நான் வாதாடப் பிரியப்படவில்லை. பதினாறாம் அதிகாரத்தில் அந்த ஆவிகளுக்குத் தவளை ஓர் ஒப்புமை. மெய்யான தவளையின்மேல் அங்கே குற்றம் சுமத்தப்படவில்லை. யோனாவின் கடைசி வசனத்தில், நினிவேயின் ஜனங்களோடு அங்குள்ள மிருகஜீவன்களையும் தேவன் கணக்கிலே சேர்த்துச் சொன்னதை மாத்திரம் அவருக்கு நினைவூட்டினேன். மனுஷர் குடியில்லாத வனாந்தரத்திலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறவரைப்பற்றி யோபு 38-இல் வாசிக்கிறோமே, அங்கே யாருக்காகப் பெய்கிறது என்றும் கேட்டேன். அவர் சற்றுநேரம் யோசித்தார். "நான் அந்த அதிகாரத்தை மறுபடியும் வாசிக்கிறேன்" என்றார். அருகில் நின்ற அத்தைதான் பேச்சை முடித்தார். ஜலப்பிரளயத்திற்குப்பின் வில்லை மேகத்தில் வைத்தபோது, பேழையிலிருந்து இறங்கிய சகல ஜீவஜந்துக்களோடும் சேர்த்தே கர்த்தர் உடன்படிக்கை பண்ணினார் என்றும், அதைத் தாம் பெட்டிமுடி அடக்கத்தின்போது நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார்.

பிற்பகலில் உறவினர் ஒருவரின் ஜீப்பில் அத்தையோடு ராஜமலையில் அந்த அடக்க இடத்திற்குப் போனோம். தாய், தகப்பன், பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகப் பெயர்கள் இருந்தன. அத்தை சிலவற்றைத் தொட்டுச் சத்தமாக வாசித்தார். என் மகள் வயதை ஒத்த பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. அவள் என் கையை விடவேயில்லை. சுற்றிலும் அந்தப் புல்வெளி, மேலே பாறை, பாறைக்கு மேலே மேகம். அங்கே நின்றபோது தவளையின் நினைவே எனக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். திரும்பும்போதுதான், உச்சி இருக்குமிடத்தை மகள் விரலால் காட்டினாள்.

திங்கட்கிழமை காலை புறப்பட்டோம். அத்தை ஒரு கிலோ தேயிலைத்தூளும் மறையூர் வெல்லமும் கட்டிக்கொடுத்தார். சின்னாற்றை நோக்கி இறங்க இறங்க ஈரம் விலகி வெயில் வந்தது. அமராவதி அணை தூரத்தில் ஒரு தகடுபோல மின்னியது. என் மகள் வேண்டுமென்றே விழித்திருந்து அதைப் பார்த்தாள்.

பெங்களூரு திரும்பி மூன்று வாரங்களுக்குப்பின், ஒரு நள்ளிரவில் தொலைபேசி அடித்தது. அத்தை. அங்கே மழை கொட்டுவதாகச் சொன்னார். மகளும் எழுந்துவந்து தொலைபேசியை வாங்கி, "தவளைச் சத்தம் கேட்குதா பாட்டி?" என்று கேட்டாள். தகரக்கூரையின் இரைச்சல் எங்கள் காதுவரை வந்தது. "கேக்கலடா கண்ணு. முழங்காலில இருக்கேன்" என்றார் அத்தை. நாங்களும் முழங்காலிட்டோம். தொலைபேசியைக் கட்டிலின்மேல் வைத்து ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டு, இங்கே நால்வரும் அங்கே அத்தையும் மருமகளுமாக ஜெபித்தோம். இரண்டு மணியை ஒட்டி இரைச்சல் குறைந்தது. இன்னும் சற்று நேரத்தில், தொலைபேசியில், சிறு கற்களைத் தட்டுகிற அந்தச் சத்தம் கேட்டது.